பெட்டிக்குக் குடிபோன பாட்டுகள்

“பட்டியல்! குடை தொலைஞ்ச பாட்டு எங்கே இருக்கு?”

“கறுப்பு டிஸ்க், மூணாவது ஃபோல்டர், மேலேயிருந்து ஒன்பதாவது!”

பல் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள் அவள். வாய் நிறைய நுரை இருந்தது. ஆனாலும் எண் தவறவில்லை.

கேட்டவர் அவளுடைய அப்பா. நான்காம் மாடியில் இருந்த சிறிய வானொலி நிலையத்தில் அவர்தான் அறிவிப்பாளர். பாட்டைத் தேர்ந்தெடுப்பவர், ஒலிவாங்கியைப் பழுதுபார்ப்பவர், தரையைப் பெருக்குபவர் எல்லாமும் அவரேதான். வீடு அதற்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில். படிக்கட்டின் உச்சியில் நின்று அப்பா குரல் கொடுத்தால் குளியலறைவரை கேட்கும்.

அந்த நிலையத்தின் ஒலி எட்டுத் தெருக்களைத் தாண்டாது. ஆனால் அந்த எட்டுத் தெருக்களிலும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லா வீட்டு வானொலிகளும் விழித்துக்கொள்ளும். அது நேயர்கள் கேட்கும் பாட்டைப் போடும் நேரம்.

நேயர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் பாட்டின் சரியான பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. “என் குடை தொலைஞ்ச அன்னிக்குப் போட்டீங்களே, அது” என்பார் ஒருவர். “எங்க பாப்பா முதல்முதலா நின்னப்ப ஓடிச்சே, அந்தப் பாட்டு” என்பார் இன்னொருவர். அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்ததும், அப்பா கணினியில் அந்தக் கோப்பின் பெயரையே மாற்றிவிடுவார். ‘குடை தொலைஞ்ச பாட்டு’. ‘பாப்பா நின்ன பாட்டு’. ‘அடுப்பு அணைஞ்ச பாட்டு’. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு நேயர்கள் வைத்த பெயர்களே நிலைத்துவிட்டன.

மொத்தம் நாற்பத்திரண்டாயிரம் பாட்டுகள். சிவப்பு, கறுப்பு, நீலம் என்று மூன்று வன்தட்டுகள். எல்லோரும் அவற்றை டிஸ்க் என்றே சொல்வார்கள். எந்தப் பாட்டு எந்த டிஸ்கில் இருக்கிறது என்பது அப்பாவுக்கு மறந்துபோகும். பதினொரு வயதான அவளுக்கு மறக்காது. அதனால்தான் அப்பா அவளைப் ‘பட்டியல்’ என்று அழைத்தார். அந்தப் பெயரை அவள் ஒரு பதக்கத்தைப் போல மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பதக்கத்துக்கு ஆபத்து ஒரு புதன்கிழமையன்று வந்தது. அதுவும் இரண்டு உருவத்தில்.

ஒன்று, ஒரு கறுப்புப் பெட்டி. ரொட்டி வாட்டும் டோஸ்டர் அளவுதான் இருந்தது. முன்புறம் ஒரு நீல விளக்கு சிமிட்டியது.

“இதுதான் நம்ம பாட்டுங்களோட புது வீடு. மூணு டிஸ்க்ல இருக்கிறது எல்லாம் இதுக்குள்ள குடிபோகப் போகுது. கேபிள் வழியா எல்லாக் கம்ப்யூட்டரோடயும் பேசும். உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு மக்கர் பண்ணினாலும் இன்னொண்ணு காப்பாத்தும்” என்றார் அப்பா. போன மாதம் நீல டிஸ்க் மேசையிலிருந்து விழுந்து, அரை நாள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

“பாட்டை எப்படித் தேடுறது?” என்று கேட்டாள் பட்டியல்.

“பேரைத் தட்டினா போதும். ஒரு நொடியில வந்து நிக்கும். இனிமே உன்னைப் பல்லு தேய்க்கவிடாம கத்த வேண்டாம்!”

அப்பா இதை நல்ல செய்தி போலச் சொன்னார். பட்டியலுக்கு முகம் சுருங்கியது.

இரண்டாவது ஆபத்து, கையில் ஒரு பையுடன் படியேறி வந்தது. அது அவளுடைய சித்தி மகள். விடுமுறைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தங்க வந்திருந்தாள். பட்டியலைவிட எட்டு மாதம் இளையவள். கணினி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

அவள் பையைக் கீழே வைக்கும் முன்பே பெட்டியைப் பார்த்துவிட்டாள். “பெரியப்பா, இதை நான் அமைச்சுத் தரட்டுமா?”

“உனக்குத் தெரியுமா?”

“எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்கு. அதை நாங்க மூணு பேர்தான் பார்த்துக்கிறோம்.”

அரை மணி நேரத்தில் கேபிள்கள் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. சிவப்பு டிஸ்கிலிருந்து முதல் பாட்டு பெட்டிக்குள் நகரத் தொடங்கியது. அப்பா கைதட்டினார்.

“ஆளு சின்னது, காரம் பெருசு! உனக்கு மிளகுன்னு பேரு வைக்கலாம்!”

பட்டியலுக்கு வயிறு எரிந்தது. இந்த வீட்டில் அப்பா வைத்த பட்டப்பெயர் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அம்மாவுக்குக்கூட இல்லை. அதைச் சம்பாதிக்கப் பட்டியலுக்கு ஐந்து வருடம் ஆனது. இவளுக்கு அரை மணி நேரம்!

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா எத்தனை முறை “மிளகு” என்றார் என்று அவள் எண்ணினாள். பதினான்கு. “பட்டியல்” என்றது இரண்டு முறை. அதில் ஒன்று, “பட்டியல், அந்தத் தண்ணிச் சொம்பை மிளகுகிட்ட குடு.”

“ஏன் இப்படி உம்முன்னு இருக்கே?” என்று அம்மா கேட்டாள்.

“நான் எப்பவும் இப்படித்தான்.”

“அப்படியா? பதினோரு வருஷமா கவனிக்காம விட்டுட்டேனே” என்றாள் அம்மா.

பாட்டுகள் குடிபோக இரண்டு நாள் பிடித்தது. கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. மிளகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “பன்னிரண்டாயிரம் ஆச்சு பெரியப்பா!” “இருபதாயிரம் பெரியப்பா!” என்று அவ்வப்போது கூவினாள். பட்டியல் அறையின் மறுமூலையில் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு நாளில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

“அக்கா, இங்க வந்து பாரேன். நல்லா இருக்கு” என்று மிளகு அழைத்தாள்.

“எனக்குப் படிக்கணும்.”

வெள்ளிக்கிழமை மதியம் பச்சைக் கோடு மறுகரையைத் தொட்டது. அப்பா புதுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். சில பழைய பாட்டுகளின் பெயரில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

“மிளகு, இந்தப் பேரெல்லாம் கொஞ்சம் சீர் பண்ணிடும்மா. நான் கடைக்குப் போய் ஒரு கேபிள் வாங்கிட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மிளகு ஒரு செயலியைத் திறந்தாள். அது ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, அதன் அசல் பெயரைக் கண்டுபிடித்து, கோப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டி, ஃபோல்டர்களைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே அகரவரிசையில் அடுக்கிவிடும். நாற்பத்திரண்டாயிரத்தையும் முடிக்க மறுநாள் மதியம் ஆகும். பொத்தானை அழுத்தப்போன அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

“அக்கா, கட்டம் கட்டமா இருக்கிறதை மட்டும் மாத்தட்டுமா, எல்லாத்தையும் மாத்தட்டுமா? இங்க பாரு, ‘பல்லு விழுந்த பாட்டு’ன்னு ஒண்ணு. ‘பஸ்ஸை விட்ட பாட்டு’ன்னு ஒண்ணு. இதெல்லாம் யாரோ விளையாட்டுக்கு வெச்ச பேரு மாதிரி இருக்கு. தப்புத்தானே?”

பட்டியலுக்குப் பதில் தெரியும். ‘அவை தப்பில்லை, நேயர்கள் வைத்த பெயர்கள், தொடாதே.’ பத்துச் சொல்கூட இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது வேறொரு யோசனையும் கூடவே வந்தது. பெயர்கள் எல்லாம் மாறிப்போனால், நாளை நான்கு மணிக்கு நேயர்கள் கேட்பது எதுவும் பெட்டியில் கிடைக்காது. பெட்டி திருதிருவென்று விழிக்கும். மிளகும் விழிப்பாள். அப்பா படிக்கட்டின் உச்சிக்கு ஓடிவந்து ஒரே ஒரு பெயரைத்தான் கூப்பிடுவார்.

“உனக்குத் தெரியாததா? எல்லாத்தையும் மாத்து” என்றாள் பட்டியல், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மிளகு பொத்தானை அழுத்தினாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். காலியாகும் மூன்று டிஸ்குகளையும் அவருக்குத் தருவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

“எல்லாம் பத்திரமா உள்ள போயிடுச்சா? அப்ப நான் இதைத் துடைச்சிட்டு, என் போட்டோவை ஏத்திக்கலாம்ல?”

“தாராளமா எடுத்துட்டுப் போ மாப்ளே” என்றார் அப்பா.

பட்டியலுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் எல்லாப் பாட்டும்தான் தன் தலைக்குள் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நான்கு மணி. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாவின் வீட்டுக் குரல் மறைந்து, தேன் தடவிய வானொலிக் குரல் வந்தது. முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி மணி அடித்தது. ரொட்டிக்கடை அக்கா.

“அண்ணே, அந்த அடுப்பு அணைஞ்ச பாட்டைப் போடுங்க.”

அப்பா பெருமையாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு கணினியில் தட்டினார். ‘அப்படி எதுவும் இல்லை’ என்றது திரை. மறுபடி தட்டினார். மறுபடியும் இல்லை.

“மிளகு, என்னம்மா இது?”

மிளகின் முகம் வெளிறியது. “எல்லாம் இருக்கு பெரியப்பா... நாற்பத்திரண்டாயிரமும் இருக்கு. நான் எண்ணிப் பார்த்தேனே...”

“பேரெல்லாம் எங்கே?”

“தப்பா இருந்துச்சுன்னு... சரியான பேரை...”

பட்டியல் மூலையிலிருந்து எழுந்தாள். மெதுவாக, ஒரு ராணியைப் போல நடந்து வந்தாள். “‘வெயிலே வெயிலே கொஞ்சம் நில்’னு ஆரம்பிக்கும். அப்படித் தட்டுங்க.”

பாட்டு வந்தது.

அடுத்து தபால்காரர். பஸ்ஸை விட்ட பாட்டு. பட்டியல் கண்ணிமைக்காமல் அதன் முதல் வரியைச் சொன்னாள். அதுவும் வந்தது.

“என் தங்கமே! நீ இல்லாட்டி நான் இன்னிக்குக் கவிழ்ந்திருப்பேன்” என்றார் அப்பா.

இதற்காகத்தான் அவள் மூன்று நாள் காத்திருந்தாள். ஆனால் கேட்டபோது நினைத்த அளவு இனிக்கவில்லை. மிளகு நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான்கு பத்துக்கு மூன்றாவது மணி அடித்தது. அடுத்த தெரு மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ்.

“சார், இங்க அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன். கால்ல மாவுக்கட்டு. நாலே முக்காலுக்கு டாக்டர் வந்து கட்டை வெட்டி எடுக்கணும். அந்தச் சின்ன ரம்பம் தோலை வெட்டாது, சத்தம்தான் பெருசு. சொன்னா நம்ப மாட்டேங்கிறான். யானை குளிக்கிற பாட்டைப் போட்டா மட்டும் காலை நீட்டுவானாம்.”

பின்னால் ஒரு சின்னக் குரல் அலறியது. “யானைப் பாட்டு இல்லாம ரம்பம் உள்ள வரக் கூடாது!”

“ஓ, நம்ம யானையா! நான் தண்ணி குடிக்கக் கீழ போறப்ப எல்லாம் போடுவேனே, அதுதான். நாலே முக்காலுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே போட்டுடுறேன்னு அவன்கிட்ட சொல்லுங்க” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்பா தலையைத் திருப்பினார். “பட்டியல்?”

பட்டியல் முதல் வரியைத் தேடினாள்.

யானை குளிக்கிற பாட்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரிய ஊதுகுழல் ஒன்று ‘பூம்... பூம்... பூம்’ என்று நடக்கும். சிறிய குழல்கள் தண்ணீர் இறைக்கும். ஆனால் அதில் பாட்டு வரி கிடையாது. வெறும் இசை. முதல் வரி இல்லாத பாட்டுக்கு எதைத் தட்டுவது? அதன் அசல் பெயரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

“சிவப்பு டிஸ்க், ஏழாவது ஃபோல்டர்” என்றாள் மெல்ல.

“சிவப்பு டிஸ்கா? அது உங்க மாமாகிட்ட இல்ல இருக்கு?”

அவ்வளவுதான். பட்டியல் செருப்பைக்கூட மாட்டாமல் படிகளில் பாய்ந்தாள். பின்னால் மிளகின் காலடிச் சத்தமும் கேட்டது.

தெருமுனை ஸ்டூடியோவில் மாமா கணினி முன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மாமா! துடைக்காதீங்க!”

“என்ன ஆச்சு, ரெண்டு பேரும் இப்படி ஓடி வர்றீங்க? ஒண்ணு துடைச்சாச்சு. அடுத்ததை இப்பத்தான் மாட்டப் போறேன்.”

“எதைத் துடைச்சீங்க?”

“மேல இருந்ததை. சிவப்பு.”

பட்டியல் அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஸ்டூடியோவின் படப்பிடிப்பு விளக்கு ஒன்று அவள் முகத்தில் நேராக அடித்தது. எங்கும் ஒளிந்துகொள்ள முடியவில்லை.

“என் தப்பு அக்கா. நான்தான் பேரை மாத்தினேன்” என்றாள் மிளகு. கண்களில் நீர் முட்டியது.

பட்டியல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இனியும் சும்மா இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“இல்ல மிளகு. நீ நேத்துக் கேட்டப்பவே எனக்குத் தெரியும். அதெல்லாம் தப்பான பேரு இல்ல. வேணும்னேதான் மாத்தச் சொன்னேன்.”

“ஏன்?”

“அப்பா உன்னையே கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. புதன்கிழமை ராத்திரி மட்டும் பதினாலு தடவை.”

மிளகு கண்ணீரை முழங்கையால் துடைத்தாள். “எண்ணினியா?”

“ம்.”

“உனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். என்னைத்தான் பிடிக்கலையா?”

“ரெண்டையும்தான்” என்றாள் பட்டியல் உண்மையாக.

மாமா தொண்டையைச் செருமினார். “மீதிச் சண்டையை நாளைக்கு வெச்சுக்கலாம். மணி நாலு இருபத்திரண்டு. இந்தாங்க, கறுப்பும் நீலமும். எடுத்துட்டு ஓடுங்க.”

திரும்பி வரும்போது இருவரும் ஆளுக்கொரு டிஸ்கைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடியில் பட்டியல் சட்டென்று நின்றாள்.

“அப்பா என்ன சொன்னாரு? தண்ணி குடிக்கப் போறப்ப போடுவேன்னுதானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“எல்லாப் பாட்டுக்கும் அவரால கீழ வந்து போக முடியாது. பாட்டு முடியறதுக்குள்ள மேல போயாகணும். மூணு நிமிஷப் பாட்டுன்னா, பாதிப் படியிலயே முடிஞ்சுடும். யானைப் பாட்டு ஓடுறப்ப அவர் இறங்கி வந்து, தண்ணி குடிச்சு, அம்மாகிட்ட ஒரு கதையும் சொல்லிட்டுத்தான் போவாரு. ஆறு நிமிஷம் இருக்கும். ஏழு நிமிஷம் இருக்காது.”

மிளகின் கண்கள் அகன்றன. “பெட்டியில நீளத்தை வெச்சு வரிசைப்படுத்தலாம்!”

“அப்புறம் நான் கேட்டுச் சொல்றேன். முதல் ‘பூம்’ போதும் எனக்கு.”

மிளகின் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. பாடகர் பெயர் இல்லாத, ஆறு நிமிடத்துக்கு மேலும் ஏழு நிமிடத்துக்குக் கீழும் ஓடுகிற இசை. திரையில் முப்பத்தொரு கோப்புகள் வரிசையாக நின்றன. ‘இசைத்தொகுதி எண் நான்கு, பகுதி இரண்டு’, ‘இசைத்தொகுதி எண் ஒன்பது, பகுதி ஒன்று’ என்று எல்லாம் ஒரே சீருடை அணிந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன.

பட்டியல் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டாள்.

“இல்ல. அடுத்தது.”

“இது?”

“வயலின். அடுத்தது.”

“இது?”

“யாரோ அழுறாங்க. அடுத்தது, அடுத்தது!”

அறையை இரண்டாகப் பிரித்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கி முன், கேட்ட பாட்டு எதுவும் கிடைக்காமல் அப்பா நேயர்களிடம் வானிலையைப் பற்றிப் பேசி இழுத்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் நடுவுல நிக்குது...” என்றார். சொல்ல ஒன்றும் மீதமில்லாத மனிதரின் குரல் அது. கடிகாரம் நான்கு நாற்பத்திரண்டு காட்டியது.

“இருபத்தாறு” என்றாள் மிளகு.

பட்டியல் கையை உயர்த்தினாள். முகம் மாறியது. காதொலிக் கருவியின் ஒரு பக்கத்தைப் பிடுங்கி மிளகின் காதில் வைத்தாள்.

பூம்... பூம்... பூம்.

“யானை!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. எட்டுத் தெருக்களுக்கும்கூடக் கேட்டது.

ஆறரை நிமிடத்துக்கு யானை நிதானமாகக் குளித்தது. பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் தொலைபேசியில் வந்தார். “கட்டு எடுத்தாச்சு சார்! ரம்பம் சத்தம் போட்டப்ப, ‘இதுவும் பாட்டுல வர்றதா?’ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன்.”

ஐந்து மணிக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது. பட்டியல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிளகுக்கு எதுவும் தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னாள்.

அப்பா உடனே ஒன்றும் பேசவில்லை. பேசுவதையே தொழிலாகக் கொண்டவர் அப்படி இருந்தது பட்டியலுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“சிவப்பு டிஸ்க்ல மட்டும் நானூறு பேரு இருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒருத்தர் சொன்னது” என்றார் கடைசியில்.

“தெரியும்ப்பா.”

“மிளகைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா உன் பேரு தேய்ஞ்சு போயிடும்னு நினைச்சியா?”

பட்டியல் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அப்பா பெருமூச்சு விட்டார். “நானும்தான் ‘சீர் பண்ணு’ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுக் கேபிள் வாங்கப் போயிட்டேன். சரி, இப்ப என்ன பண்ணலாம்?”

“மாறினது பேரு மட்டும்தான் பெரியப்பா. பாட்டோட அளவு மாறலை. கறுப்பு, நீலம் ரெண்டையும் பெட்டியோட பக்கத்துல வெச்சு, ஒரே அளவு இருக்கிறதை ஜோடி சேர்த்தா பழைய பேரு தெரிஞ்சிடும். ஆனா சிவப்புக்கு...” என்று இழுத்தாள் மிளகு.

“சிவப்புக்கு நான் இருக்கேன்” என்றாள் பட்டியல். இந்த முறை ராணியைப் போலச் சொல்லவில்லை.

அடுத்த ஐந்து நாட்கள் இரண்டு பேரும் நான்காம் மாடியில்தான் குடியிருந்தார்கள். இந்த முறை எந்தப் பெயரையும் அழிக்கவில்லை. அசல் பெயர் முன்னால், நேயர் வைத்த பெயர் அதன் பின்னால். மிளகு ஒரு பாட்டை ஓடவிடுவாள். பட்டியல் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “மாடிப்படியில மாவு கொட்டின பாட்டு” என்பாள். மிளகு சிரித்துச் சிரித்துத் தட்டச்சுப் பிழை செய்வாள்.

நானூற்றில் முன்னூற்று நாற்பது திரும்பி வந்தன. மீதி அறுபது பட்டியலின் தலைக்குள்ளும் இல்லை. அப்பா வானொலியில் அறிவித்தார். “நேயர்களே, உங்க பாட்டுகள் சிலதோட பேரைத் தொலைச்சுட்டோம். தப்பு எங்களோடது. மறுபடி சொல்லுங்க.” தொலைபேசி ஓயவில்லை. சிலர் பழைய பெயரைச் சொன்னார்கள். சிலர் இதுதான் சமயம் என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

இடையில் ஒருநாள் அப்பா, “மிளகு, இங்க வா” என்று கூப்பிட்டார். வயிறு எரிகிறதா என்று பட்டியல் கவனித்தாள். எரிந்தது. ஆனால் எண்ணிக்கை வைக்கத் தோன்றவில்லை. கையில் அவ்வளவு வேலை இருந்தது.

மறு சனிக்கிழமை, மிளகு ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின நாள். நான்கு இருபதுக்கு ஒரு சின்னக் குரல் தொலைபேசியில் வந்தது.

“நான் கால் சரியான பையன் பேசுறேன்.”

“சொல்லுங்க கால் சரியான பையன். யானை குளிக்கிற பாட்டுத்தானே?” என்றார் அப்பா.

“அது குளிச்சு முடிச்சிருச்சு. இப்ப ஈரமா நிக்குது. துண்டால துவட்டுற பாட்டைப் போடுங்க.”

அப்பா பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் நீல விளக்கு சிமிட்டியது. பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தார். “பட்டியல்?”

பட்டியல் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடம் கிடைத்தது.

“மிளகு, யானையோட உடம்பு பெருசு. துவட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

மிளகு ஓடி வந்து உட்கார்ந்தாள். தீவிரமாக யோசித்தாள். “காதுக்குப் பின்னாலயும் துவட்டணும். நாலரை நிமிஷம்.”

“அப்ப நாலரை நிமிஷப் பாட்டை எல்லாம் வரிசைப்படுத்து. நான் கேட்கிறேன்.”

யானையைத் துவட்டுகிற பாட்டு என்று அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இருக்கவில்லை. மணி நான்கு முப்பது ஆனபோது, அந்தப் பெயரோடு ஒன்று இருந்தது.